அக்கி போன இடம்

டிசம்பர் 19, வியாழன்

காலை பத்து மணிக்குத் தொழுநோய் துணை இயக்குநர் அலுவலகத்திலிருந்து போன். ஜனவரி முப்பதாம் தேதி தொழுநோய் ஒழிப்பு நாள் விழாவில் ஓய்வுபெற்ற பணியாளர் ஒருவரை மேடை ஏற்றிப் பொன்னாடை போர்த்துவார்கள். இந்த வருடம் என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். "தணிகாசலம் சார், பத்து நிமிஷம் பேசுனா போதும்" என்றார் எழுத்தர்.

பத்து நிமிடமா? முப்பத்தைந்து வருட சர்வீஸ். ஆரணி, செய்யாறு, போளூர் பக்கம் நான் கால் வைக்காத தெரு கிடையாது. என் கருவியெல்லாம் ஒரு பால் பாயிண்ட் பேனாவும் துளி பஞ்சும்தான். வீடு வீடாகப் போவேன். தேமல் மாதிரி ஒரு திட்டு தெரிந்தால் கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் மெதுவாகத் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்வேன். காட்டத் தெரியாவிட்டால் அந்த இடத்தில் உணர்ச்சி இல்லை என்று பொருள். இப்படி எண்ணூற்றுப் பன்னிரண்டு பேரைக் கண்டுபிடித்தேன். ஒரு கேஸ்கூட நான் சொல்லித் தப்பாகப் போனதில்லை. ஊரில் பலர் குஷ்ட இன்ஸ்பெக்டர் என்று முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டார்கள். முன்னால் வந்து கூப்பிட்டிருந்தாலும் என்னவென்று கேட்டிருப்பேன்.

வேதவல்லியிடம் சொன்னேன். "நல்லது, போயிட்டு வாங்க" என்றாள். அவள் இந்த விழாக்களுக்கு வருவதில்லை. கூட்டம் ஒத்துக்கொள்ளாது.

டிசம்பர் 20, வெள்ளி

பேச்சின் முதல் பக்கம் முடிந்தது. 'இந்த நோயில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மறைப்பதுதான் ஆபத்து.' நல்ல ஆரம்பம். கணீரென்று சொல்ல வேண்டும்.

சட்டையின் கையை மடித்துவிட்டு எழுதிக்கொண்டிருந்தபோதுதான் பார்த்தேன். அக்டோபரில் எனக்கு இடது கையில் அக்கி போட்டிருந்தது. முழங்கையின் உள்பக்கம் தொடங்கிச் சுண்டுவிரல் வரை ஒரே பட்டையாகக் கொப்புளம். மூன்று வாரம் நெருப்பு வைத்த மாதிரி எரிச்சல். டாக்டர் கொடுத்த மாத்திரையை வேளை தவறாமல் விழுங்கினேன். வேதா அது போதாதென்று குயவர் தெரு அம்மாவைக் கூட்டிவந்து, காவியைக் குழைத்துக் கை முழுக்க எழுத வைத்தாள். வரைந்தது சிங்கம் என்றார்கள். எனக்கு நாய் மாதிரிதான் தெரிந்தது. ஆறியது மாத்திரையால் என்று நானும், காவியால் என்று அவளும் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

ஆறிய அந்தப் பட்டையின்மேல் இப்போது மூன்று வட்டங்கள். விளிம்பு சற்று மேடாக, சிவப்பாக இருக்கிறது. நடு தட்டை. அரிப்பு இல்லை, வலி இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 21, சனி

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். கல்யாணமான நாளிலிருந்து வேதாதான் எனக்கு எண்ணெய் தேய்த்துவிடுவாள். இன்று வேண்டாம் என்றேன். பனி அதிகம் என்றேன்.

அவள் ரேஷன் கடைக்குப் போன நேரத்தில் பேனாவை எடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு வலது கையால் இடது கையைத் தொட்டேன். இதில் ஒரு வேடிக்கை. எண்ணூற்றுப் பன்னிரண்டு பேருக்குச் செய்த சோதனையை எனக்கு நானே செய்துகொள்ள முடியவில்லை. கண்ணை மூடினாலும் தொடுகிற கை எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்துவிடுகிறதே. ஆனாலும் பேனாவை அழுத்தினேன். வட்டத்துக்கு நடுவில் மரக்கட்டையை அழுத்துவது போலத்தான் இருந்தது.

உணர்ச்சியில்லாத திட்டு. வேறு யாராவது இப்படி ஒரு கையை என் முன்னால் நீட்டியிருந்தால் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

முழுக்கைச் சட்டை போட்டேன். கம்பீரமாகத்தான் இருக்கிறது.

டிசம்பர் 25, புதன்

இந்த நோய் நரம்பைப் பிடிக்கும். முழங்கை எலும்புக்குப் பின்னால் ஓடும் நரம்பு கயிறு போலத் தடிக்கும். அதைத் தடவிப் பார்ப்பதில் எங்கள் வட்டாரத்தில் எனக்கு நிகர் கிடையாது. புதிதாக வந்த டாக்டர்களே என்னிடம்தான் கற்றுக்கொண்டார்கள்.

என் நரம்பை நாளுக்கு இருபது முறை தடவுகிறேன். திங்கள்கிழமை தடித்த மாதிரி தெரிந்தது. நேற்று இல்லை. இன்று அங்கே தொட்டாலே வலிக்கிறது. வலிக்கிறதென்றால் நரம்பு அழற்சி. போதும், எனக்கு நிச்சயமாகிவிட்டது.

எண்ணூற்றுப் பதின்மூன்று.

டிசம்பர் 28, சனி

இன்றும் எண்ணெய் வேண்டாம் என்றேன். வேதா கிண்ணத்தை அடுப்படிக்குத் திருப்பி எடுத்துப் போனாள்.

மூன்று நாளாக என் டம்ளரைத் தனியாக வைத்துக்கொள்கிறேன். துண்டையும்தான். தட்டாலோ டம்ளராலோ இந்த நோய் தொற்றாது என்று இன்று காலையில்தான் பேச்சின் இரண்டாம் பக்கத்தில் எழுதினேன். ஆகவே இது பயத்தால் அல்ல. ஒரு ஒழுங்குக்காக.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம். அங்கே எல்லாரும் என்னிடம் வேலை கற்றவர்கள். வரிசையில் நான் நிற்பதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? விழா முடியட்டும். பிப்ரவரி முதல் வாரம் போய்க்கொள்ளலாம்.

ஜனவரி 1, புதன்

புது டைரி. எந்த டைரியிலும் இதுவரை எழுதாத ஒன்றை முதல் பக்கத்தில் எழுதுகிறேன்.

என் பதிவேட்டில் நூற்று முப்பத்தேழாவது பெயர் வேதவல்லி.

எண்பத்து நாலாம் வருடம். ஆரணியில் ஒரு நெசவாளர் வீடு. தறிக்காகத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்த இருபது வயதுப் பெண். வலது தோளில் உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்த திட்டு. நான்கு முறை தொட்டேன், ஒருமுறைகூடச் சரியாகக் காட்டவில்லை. அவளுடைய அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவள் அழவில்லை. "எத்தினி மாசம் மாத்திரை சாப்புடணும்?" என்று கேட்டாள். ஒரு நாள் தவறாமல் சாப்பிட்டாள். முழுவதும் குணமானது. சிகிச்சை முடிந்தது என்று அவள் அட்டையில் கையெழுத்துப் போட்டவன் நான். அதற்கு இரண்டு வருடம் கழித்து அவள் அப்பாவிடம் போய்ப் பெண் கேட்டவனும் நான். அந்தக் காலத்தில் எத்தனை பேருக்கு அந்தத் தைரியம் வரும்?

இது யாருக்கும் தெரியாது. முதலில் என் அம்மா இருக்கும்வரை வேண்டாம் என்று இருந்தேன். பிறகு மகள் மலர்க்கொடியின் கல்யாணம் முடியட்டும் என்றேன். பிறகு அவளுக்குக் குழந்தை பிறக்கட்டும் என்றேன். எல்லாம் வேதாவின் நன்மைக்காக. அவள் பெயரை நாலு பேர் வாயில் போட்டு மெல்லக் கூடாது.

இப்போது என் கையை அவளிடம் எப்படிக் காட்டுவேன்? தன்னிடமிருந்து வந்தது என்று நினைத்து ஒடிந்துபோவாள். அதனால்தான் சொல்லாமல் இருக்கிறேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், டைரிக்குப் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. நேற்று மதியம் உட்கார்ந்து விரல்விட்டு வருடங்களை எண்ணினேன். அவளிடமிருந்தா என்று ஒரு நிமிடம் நானே நினைத்தேன். மருந்து சாப்பிட்டு முடித்தவரிடமிருந்து தொற்றாது என்று முப்பத்தைந்து வருடம் ஊருக்குச் சொன்னவன் நினைத்தேன். சீ.

ஜனவரி 4, சனி

வேதா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து முன்னால் நின்றாள்.

"ரெண்டு வாரமா பனி. இன்னிக்கு வெயிலு பல்ல இளிக்குது. சட்டையக் கழட்டுங்க."

"வேணாம் வேதா, கையில ஒரு..."

"டம்ளரத் தனியா வெச்சிக்கினீங்க. பாத்துக்கினுதான் இருக்கேன். கழட்டுங்க."

கழற்றினேன். என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். மேஜைமேல் இருந்த என் பேனாவை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"கண்ண மூடுங்க."

"உனக்கு இதெல்லாம் தெரியாது."

"எனக்குத் தெரியாததா? மூடுங்க. எங்க தொடுறேனோ அங்க வெரல வைங்க."

மூடினேன். காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் ஆரம்பிக்கலயா?" என்றேன்.

"நாலு தடவ தொட்டாச்சு" என்றாள்.

கண்ணைத் திறக்கத் தோன்றவில்லை. இந்த வாக்கியத்தை நான் எத்தனை வீடுகளில் சொல்லியிருக்கிறேன். கேட்பவன் பக்கம் உட்கார்ந்து பார்த்ததில்லை.

"எங்கிட்டருந்து வந்துச்சின்னு நெனச்சீங்களா?" என்று கேட்டாள்.

"சேச்சே."

"பொய் சொல்றப்ப உங்களுக்கு மூக்கு வெடைக்கும்." கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. "அன்னிக்கு எங்கிட்ட இன்னா சொன்னீங்க? 'நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரிக்கு வந்துரு, ஒரு நாள் தள்ளாத'ன்னீங்க. இருவது வயசுப் பொண்ணு நானு, மறுநாளு எட்டு மணிக்கெல்லாம் வந்து நின்னேன். உங்களுக்குப் பதினஞ்சு நாளா?"

அவள் கிண்ணத்தில் கையை நனைத்து, தலையில் ஆரம்பித்து, முதுகு, தோள், இடது கை என்று தேய்த்தாள். அந்த மூன்று வட்டங்கள் மேலும் மற்ற இடங்களைப் போலவே அழுத்தித் தேய்த்தாள். அங்கே அவள் கை எனக்குத் தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 6, திங்கள்

எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருந்தேன். அரைக்கைச் சட்டை. சீட்டு வாங்கி முப்பத்தோராவது ஆளாக வரிசையில் நின்றேன். என்னிடம் வேலை கற்ற ஏழுமலை ஓடிவந்து, "சார், நீங்க ஏன் இங்க நிக்கிறீங்க? யாரையாவது கூட்டியாந்தீங்களா?" என்றான். "எனக்குத்தான்யா பாக்கணும். தொழுநோய்னு நெனைக்கிறேன்" என்றேன், வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி. முன்னால் நின்ற ஆள் ஓரடி தள்ளிப் போனார். வேதா அந்த இடைவெளியில் போய் நின்றுகொண்டாள். நிமிர்ந்து நின்றேன். பேசிக் கைதட்டு வாங்கிய எந்த மேடையிலும் இவ்வளவு நிமிர்ந்ததில்லை.

தோல் டாக்டர் ஷமீமா சின்ன வயது. என் கண்டுபிடிப்பை வரிசையாகச் சொன்னேன். உணர்ச்சியற்ற திட்டு, மேடான விளிம்பு, முழங்கை நரம்பில் வலி. முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு இரண்டு முழங்கையையும் தடவிப் பார்த்தார்.

"நரம்பு தடிக்கல சார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அழுத்திப் பாப்பீங்க?"

"ஒரு இருபது."

"யாரா இருந்தாலும் வலிக்கும் சார்."

வேதா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரியாதா?

"இதே எடத்துல அக்கி வந்ததுன்னு அம்மாதான் சொன்னாங்க. நீங்க அதச் சொல்லவே இல்லயே" என்றார் டாக்டர். ஆமாம், சொல்லவில்லை. ஆறிப்போனதை எதற்குச் சொல்வது என்று இருந்தேன். "அதுதான் சார் முக்கியம். அக்கி நரம்பு வழியா வர்றது. ஆறின பின்னாடியும் செல பேருக்கு அந்தப் பட்டையில மரத்துப்போயே இருக்கும். அதுமட்டுமில்ல, அந்த எடத்துல தோலோட காவல் கொஞ்சம் பழுதாயிடும். மாசக்கணக்குல கழிச்சு, அக்கிக்குச் சம்பந்தமே இல்லாத வேற ஒரு தோல் நோய் அதே எடத்துல வரும். அபூர்வம்தான், ஆனா தெரிஞ்ச விஷயம். குடியிருந்தவர் காலி பண்ணிட்டுப் போயிட்டார், போறப்ப பூட்ட ஒடச்சிட்டுப் போயிட்டார். தெறந்து கெடக்குதுன்னு வேற ஒருத்தர் வந்து உக்காந்துட்டார்."

"வந்திருக்கிறவரு யாரு?"

"பாத்தா ஆபத்தில்லாத வளையக் கட்டி மாதிரிதான் தெரியுது. ஆனா உங்ககிட்ட ஊகமாச் சொல்ல மாட்டேன். காது மடல்லயும் திட்டுலயும் சுரண்டி எடுத்துப் பாக்கலாம், துளி சதை எடுத்து அனுப்பலாம். ரெண்டு வாரம் ஆகும்."

திறமையான பெண். என்னிடம் கற்கவில்லை என்பதுதான் குறை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். மலர்க்கொடி காஞ்சிபுரத்திலிருந்து குடும்பத்தோடு வந்தாள். சதை எடுத்த இடத்தைப் பார்த்து, "கையில என்னாப்பா தையலு?" என்று கேட்டாள். அக்கித் தழும்பு என்றேன். கரும்பு வெட்டிக்கொண்டிருந்த வேதா தலை தூக்கி என்னைப் பார்த்தாள். மறுபடி வெட்ட ஆரம்பித்தாள்.

ஜனவரி 20, திங்கள்

இல்லை! தொழுநோய் இல்லை! சுரண்டிப் பார்த்ததில் கிருமி இல்லை. சதைப் பரிசோதனையில் டாக்டர் சொன்ன அதே வளையக் கட்டிதான். களிம்பு கொடுத்திருக்கிறார், தடவாவிட்டாலும் நாளாவட்டத்தில் போய்விடுமாம். மரத்தது அக்கியின் வேலை, வட்டம் வேறொன்றின் வேலை. இரண்டையும் சேர்த்து மூன்றாவதாக ஒன்றைப் படித்தவன் நான். என் சர்வீஸில் முதல் தப்பு, அதையும் என் சொந்தக் கையில் பண்ணியிருக்கிறேன். பண்ணினாலும் பெரிதாகத்தான் பண்ணுவேன்.

வருகிற வழியில் அரைக் கிலோ மக்கன் பேடா வாங்கினேன். வாசலில் நுழையும்போதே கத்தினேன். "வேதா, அது இல்லயாம்! பொழச்சேன்!"

அவள் பேடா டப்பாவை வாங்கி மேஜைமேல் வைத்தாள்.

"நல்ல வார்த்தை. அதுவா இருந்திருந்தா ஸ்வீட்டு வாங்கியிருக்க மாட்டீங்க, இல்ல?"

"இதென்ன பேச்சு? நோய் இல்லன்னு தெரிஞ்சா சந்தோஷப்படக் கூடாதா?"

"படுங்க. யாரு வேணாம்னா. நான் கடைசி மாத்திரை முழுங்குன அன்னிக்கு அட்டையில கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீங்க. வீட்டுக்குப் போனேன். ஒருத்தரும் ஒண்ணும் வாங்கித் தரல. அட்டைய கூரை எரவானத்துல சொருவி வெச்சிட்டாரு எங்கப்பா, யாரும் பாக்கக் கூடாதுன்னு. நீங்க கட்டிக்கினு வந்தீங்க. நீங்களும் சொருவியே வெச்சிட்டீங்க."

ஜனவரி 21, செவ்வாய்

பேடா டப்பா பிரிக்காமல் இருக்கிறது.

ஜனவரி 24, வெள்ளி

நான்கு பக்கப் பேச்சையும் படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன். ஒரு வரிகூடப் பொய் இல்லை. எழுதியவன்தான் பொய்.

அவள் நன்மைக்காக மறைத்தேன் என்று ஒன்றாம் தேதி எழுதினேன். மறைக்கச் சொல்லி அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. நோயாளியைக் கட்டிக்கொண்டவன் என்று என்னைச் சொல்வார்கள் என்று நான்தான் பயந்தேன். கட்டிக்கொண்ட தைரியத்தை நினைத்து முப்பத்தேழு வருடம் மீசை முறுக்கினேன். அதைச் சொல்லும் தைரியம் வரவில்லை.

மாலையில் கேட்டாள். "விழாவுக்கு நானும் வரட்டா?"

"உனக்குத்தான் கூட்டம் ஒத்துக்காதே."

"எனக்கு எப்ப ஒத்துக்காமப் போச்சு? திருவிழாவுல தேரு பின்னாடி நாலு வீதியும் சுத்துறவ நானு. ஒத்துக்காதுன்னு நீங்கதான் எல்லார்கிட்டயும் சொல்லினு திரியிறீங்க."

வா என்றேன்.

ஜனவரி 27, திங்கள்

வேதாவே மலர்க்கொடிக்குப் போன் போட்டாள். அரிசி புடைத்துக்கொண்டே பேசுவாளே, அந்தச் சாதாரணக் குரலில் முழுவதையும் சொன்னாள். மறுமுனையிலிருந்து, "ஏம்மா இத்தினி வருஷமா எங்கிட்ட சொல்லல?" என்று மகள் கேட்டது எனக்கே கேட்டது.

"உங்கப்பாவக் கேளு" என்று போனை என் கையில் திணித்துவிட்டாள்.

"எனக்கு வெக்கமா இருந்துச்சும்மா" என்றேன். அந்த வார்த்தையை என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. மகள் அழுதாள். அம்மாவிடம் கொடு என்றாள். அவர்கள் ஒரு மணி நேரம் பேசினார்கள். கடைசியில் இரண்டு பேரும் சிரித்தார்கள், என்னைப் பற்றித்தான் இருக்கும்.

ஜனவரி 30, வியாழன்

வேதா அரக்கு நிறப் பட்டுப்புடவை கட்டினாள். நான் அரைக்கைச் சட்டை. வட்டங்கள் மங்கத் தொடங்கியிருக்கின்றன, ஆனால் தெரிகின்றன. தெரியட்டும்.

விழா மண்டபத்தில் நாற்காலிகளை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். வலது பக்கம் அலுவலர்களும் குடும்பத்தாரும். இடது பக்கம் 'பயனாளிகள்', அதாவது மருந்து சாப்பிட்டுக் குணமானவர்கள். பல வருடங்களாக இதே ஏற்பாடுதான். அதைச் செய்து வைத்தவர்களில் நானும் ஒருவன். ஏழுமலை வந்து என்னை மேடைக்குக் கூட்டிப் போனான்.

மேலே உட்கார்ந்து பார்த்தால் வலது பக்கம் வேதாவைக் காணவில்லை. இடது பக்கம் மூன்றாவது வரிசையில் இருந்தாள். விரல் மடங்கிய ஒரு பெரியவருக்கும், இந்த வருடம்தான் சிகிச்சை முடித்த ஒரு கல்லூரிப் பெண்ணுக்கும் நடுவில். ஏழுமலை குனிந்து ஏதோ சொன்னான். மைக் இன்னும் போடவில்லை, அதனால் அவள் சொன்னது மேடை வரைக்கும் கேட்டது.

"தெரியும் தம்பி. நான் சரியான பக்கம்தான் உக்காந்துக்கினு இருக்கேன்."

ஏழுமலை மேடையை நிமிர்ந்து பார்த்தான். நான் தலையை ஆட்டினேன்.

பொன்னாடை போர்த்தினார்கள். பேசக் கூப்பிட்டார்கள். நான்கு பக்கமும் சட்டைப் பையில் இருந்தன. எடுக்கவில்லை.

"எண்ணூற்றுப் பன்னிரண்டு பேரைக் கண்டுபிடித்தேன் என்று என்னை இங்கே பாராட்டினார்கள். அவர்களில் ஒருவர் என் மனைவி. பெயர் வேதவல்லி. அதோ அங்கே இருக்கிறார். இதை மறைத்து வைத்தவன் நான், அவர் இல்லை. போன மாதம் என் கையில் ஒரு திட்டு வந்தது. அதையும் பதினைந்து நாள் மறைத்தேன். மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனவர் அவர். ஆகவே நீங்கள் யாரையாவது பார்த்துக் கற்றுக்கொள்வதென்றால் அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்."

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. கைதட்டல் இடது பக்கத்தில்தான் முதலில் ஆரம்பித்தது. அந்தக் கல்லூரிப் பெண் வேதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். வேதா என்னைப் பார்க்கவில்லை. நேராக முன்னால் பார்த்துக்கொண்டு, கன்னத்தைத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தாள். என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக யாரையும் நான் பார்த்ததில்லை. எனக்குப் போர்த்தியதெல்லாம் வெறும் துணி.

இறங்கிப் போய், பெரியவரைக் கொஞ்சம் நகரச் சொல்லி, அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பத்திரிகைக்காரர் வந்து, "சார், மேடைக்கு வாங்க, துணை இயக்குநரோட ஒரு படம் எடுக்கணும்" என்றார்.

"இங்கேயே எடுங்க" என்றேன்.

வேதா தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.